சும்மா இருக்க ஒரு கிராமம்: ஆனைமலையா, மேக்கரையா, கானாடுகாத்தானா?

எங்களுக்கும் போக ஒரு ஊர் இருந்தது. விழுப்புரம் பக்கத்தில் அத்தையின் வீடு. முன்னால் வேப்பமரம், பின்னால் கிணறு. பங்கு பிரித்து விற்றபிறகு விடுமுறை வந்தால் போக இடமில்லை. குரோம்பேட்டையில் மூன்றாவது மாடியில் வளரும் என் பிள்ளைகளுக்குக் கிராமம் என்பது ரயில் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற ஒன்றாகவே நின்றுவிடுமோ என்ற பதைப்பு எனக்கு இருந்துகொண்டே இருந்தது. காசு கொடுத்தாவது ஒரு கிராமத்தில் போய் இருப்போம் என்று முடிவு செய்தோம். ஒன்பது மாதத்துக்குள் மூன்று முறை போய்வந்தாயிற்று. மே கடைசியில் பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலை. ஆகஸ்டில் தென்காசி மாவட்டத்து மலையடிவாரத்தில் மேக்கரை. தை பிறந்ததும் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான். ஒவ்வோர் இடத்திலும் மூன்று இரவு. அதே ஐந்து பேர்: நான், கணவர், முட்டிவலியோடு நடக்கும் அத்தை, 11 வயது மகள், 5 வயது மகன்.

எதை வைத்து ஒப்பிடுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு வெளியூர் போனால் வீட்டுப் பெண்களுக்கு வேலை குறைவதில்லை, அடுப்படிதான் மாறுகிறது. யாருக்கு எந்த மாத்திரை, சின்னவனுக்குக் காரமில்லாமல் என்ன கிடைக்கும், ஈரத்துணியை எங்கே காயப்போடுவது என்று எல்லாம் நம் தலையில்தான். அதனால் 'பார்க்க என்ன இருக்கிறது' என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். வீட்டில் எல்லோரையும்விடக் குறைவாகத் தூங்குகிறவருக்கு அங்கே உட்கார நேரம் கிடைத்ததா, எல்லோரையும்விடக் கஷ்டப்பட்டு நடக்கிறவருக்கு அங்கே வலி கூடியதா குறைந்ததா? இந்த இரண்டையும்தான் மூன்று ஊரிலும் பார்த்தேன்.

போய்ச் சேர்வது

இதில் பெரிய வித்தியாசம் இல்லை. கோயம்புத்தூருக்கு சேரன் எக்ஸ்பிரஸ், அங்கிருந்து பொள்ளாச்சி 40 கிலோமீட்டர், அப்புறம் ஆனைமலை இன்னும் ஒரு அரைமணி நேரம். தென்காசிக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ். இரண்டுமே இரவு வண்டி என்பதால் பிள்ளைகள் படுத்துத் தூங்கி காலையில் ஊரில் கண்விழிக்கிறார்கள். காரைக்குடிக்கு நாங்கள் பல்லவனில் போனோம். பிற்பகலில் கிளம்பி இரவில் சேரும் வண்டி, முழுக்க உட்கார்ந்தே போக வேண்டும். இறங்கி, காரில் கானாடுகாத்தான் போய்ச் சேர்ந்தபோது சின்னவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான், அத்தையின் கால் வீங்கியிருந்தது. அடுத்த முறை இரவு வண்டியைத்தான் பார்ப்பேன்.

தங்கிய வீடு

ஆனைமலையில் நாங்கள் இருந்தது ஒரு தோட்டத்துச் சாளை. கொங்குப் பக்கத்தில் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிற வீட்டைச் சாளை என்கிறார்கள். ஓட்டுக் கூரை, இரண்டு அறை, வாசலில் கட்டுத்தரையில் இரண்டு மாடு. சுற்றிலும் தென்னை. வீட்டுக்காரர்கள் பக்கத்திலேயே இன்னொரு பகுதியில் இருந்தார்கள். வாசலுக்கும் அறைக்கும் நடுவே ஒரே ஒரு படி. குளியலறை அறையை ஒட்டியே இருந்தது, வெஸ்டர்ன் டாய்லெட்டும் இருந்தது. அத்தை முதல்நாள் காலை எழுந்து யாரையும் கூப்பிடாமல் தானாகவே வெளியே வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் அவர் சோபாவிலிருந்து எழுந்திருக்கவே என் கையைப் பிடிப்பார்.

கானாடுகாத்தான் வீடு வேறு மாதிரி. தெருவிலிருந்து பார்த்தால் நிலைக்குள் நிலை, அதற்குள் இன்னொரு நிலை என்று பின்தெரு வரைக்கும் ஒரே நேர்கோட்டில் தெரிகிறது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படிக் கட்டு என்று நடந்துகொண்டே இருக்கலாம். பர்மாத் தேக்குத் தூண்கள், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய சுவர். தடவினால் பளிங்கு மாதிரி குளிர்கிறது. நடுவில் வானம் தெரிகிற முற்றம். மழை பெய்தால் நான்கு பக்கத்துக் கூரையிலிருந்தும் தண்ணீர் அதற்குள் இறங்கும்படி கட்டியிருக்கிறார்கள். வறண்ட சீமையில் ஒரு சொட்டையும் விடக்கூடாது என்ற கணக்கு. நான் மனதாரச் சொல்கிறேன், இப்படி ஒரு வீட்டில் மூன்று இரவு படுத்து எழுந்தது என் ஆயுளுக்கும் நினைவிருக்கும்.

ஆனால் அந்த வீட்டில் ஒவ்வொரு அறைக்கும் நிலைப்படி உயரம். தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறவே ஐந்தாறு படி. அத்தை ஒரு நாளைக்கு எத்தனை முறை காலைத் தூக்கி வைத்திருப்பார் என்று நினைத்தால் எனக்கே வலிக்கிறது. இரண்டாம் நாள் மதியத்துக்குமேல் அவர் அறையைவிட்டு வரவில்லை. சின்னவனுக்கோ எதைத் தொட்டாலும் 'தொடாதே'. பெல்ஜியம் கண்ணாடி, பீங்கான் ஜாடி, நூறு வருடத்து நாற்காலி. அங்கிருந்தவர்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானேதான் அவன் பின்னாலேயே ஓடினேன். அழகான வீட்டில் காவல்காரி வேலை பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மேக்கரையில் எடுத்தது புதிதாகக் கட்டிய வீடு. டைல்ஸ் தரை, இரண்டு படுக்கையறை, மொட்டைமாடியில் நின்றால் முகத்துக்கு நேரே மேற்குத்தொடர்ச்சி மலை. வீட்டைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. எங்கள் ஃபிளாட்டையே மலைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்த மாதிரி. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தில் ஓடைத் தண்ணீரை வழிமறித்து, தங்கள் இடத்துக்குள்ளேயே செயற்கை அருவி கட்டி விருந்தினர்களைக் கூப்பிட்ட விடுதிகள் பல இருந்தன. அப்படிப்பட்டவற்றை மூடச்சொல்லி 2022-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டது. 'எங்களிடம் தனி அருவி உண்டு' என்று யாராவது சொன்னால் அங்கே போகாதீர்கள். அது கீழே நாற்று நடுகிறவரின் தண்ணீர்.

சாப்பாடு: யார் சமைத்தது?

என்னைக் கேட்டால் எல்லாமே இதில்தான் தீர்ந்துபோகிறது.

மேக்கரை வீட்டில் அடுப்பு, சிலிண்டர், பாத்திரம் எல்லாம் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார்கள். நாங்களும் அதை வசதி என்றே நினைத்தோம். அப்புறம்தான் புரிந்தது. காலை ஆறு மணிக்கு நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன், பத்து மணிக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வடகரைக்குப் போய்க் காய்கறி வாங்கிவந்தார் கணவர், நறுக்கியது நான். ஒரு நாள் இரவு மட்டும் செங்கோட்டை போகிற வழியில் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் வாங்கிவந்தோம். சின்னப் பரோட்டா, மொறுமொறுவென்று, அதன்மேல் சால்னா. அது நல்ல இரவுதான். ஆனாலும் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும், தேங்காய்ப்பால் சொதியும் மணக்கிற சீமைக்குப் போய் நான் என் சாம்பாரையே வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்பது இன்னும் எனக்குக் குறையாகவே இருக்கிறது. அங்கே போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சமைத்துத் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று நாளும் அந்த ஊர்ச் சாப்பாடு கிடைத்துவிட்டால் மேக்கரையின் மதிப்பெண் தானே ஏறிவிடும்.

கானாடுகாத்தானில் சமையலைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வாழை இலை போட்டு வரிசையாக வந்துகொண்டே இருந்தது. வெள்ளைப் பணியாரத்துக்கு ஒரு காரச் சட்னி, கவுனி அரிசி இனிப்பு, கந்தரப்பம். சமையல்கட்டில் இருந்த ஆச்சி என் மகளை உள்ளே கூப்பிட்டு, பணியார மாவை எண்ணெயில் ஊற்றினால் அது எப்படித் தானே விளிம்பு கட்டி உப்பி மேலே வருகிறது என்று காட்டினார். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அது விருந்துச் சமையல். மூன்று வேளையும் விருந்து சாப்பிட்டால் வயிறு ஓய்வெடுக்காது. இரண்டாம் நாள் இரவே அத்தை ரசம் சாதம் கேட்டார். மறுபேச்சில்லாமல் செய்து கொடுத்தார்கள். நாம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனைமலையில் நடந்தது இரண்டுக்கும் நடுவில். வீட்டுக்கார அம்மா தங்களுக்கு என்ன சமைத்தாரோ அதையே எங்களுக்கும் கூடுதலாகச் சமைத்தார். முதல்நாள் அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய். மறுநாள் காலை சந்தகை பிழிந்தார். வேகவைத்த மாவை அச்சில் போட்டு, அவர் கணவர் கைப்பிடியை அழுத்த, இவர் கீழே தட்டை வட்டமாகச் சுற்றிக்கொண்டே போனார். நூல் நூலாக இறங்கியதைத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றிச் சாப்பிட்டோம். காரமே கேட்காத என் மகன் மூன்று நாளும் தட்டைக் காலி செய்தான். பிள்ளைகள் அவரை முதல்நாள் மாலையே 'அம்மிச்சி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே அம்மாவைப் பெற்றவரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவருடைய பேரன் கூப்பிட்டதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் காலை நான் பாத்திரத்தை எடுக்கப் போனபோது, "நீங்க போய் உக்காருங்க அம்மணி, வூட்டுல செய்யறது பத்தாதா?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அன்று காலை எட்டிலிருந்து பத்து மணி வரை நான் ஒன்றுமே செய்யவில்லை. அந்த இரண்டு மணி நேரத்துக்காக எத்தனை கிலோமீட்டர் வேண்டுமானாலும் போகலாம்.

பிள்ளைகளுக்கு

ஆனைமலையைச் சுற்றி ஆழியாற்றின் பழைய ஆயக்கட்டு வாய்க்கால்கள், அதாவது பாசன வாய்க்கால்கள், ஓடுகின்றன. தென்னைக்கு நடுவே நெல்வயலும் இருப்பது அதனால்தான். நாங்கள் போனபோது தண்ணீர் விட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. தோட்டத்துக்குள் பிரிந்துவரும் கிளை வாய்க்காலில் சின்னவனுக்கு முழங்கால் அளவுகூட இல்லை. மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவனுக்கு மூன்று நாள் வேலையாகிவிட்டது. மண்வெட்டியால் ஒரு கொத்து மண்ணை எடுத்தால் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் பாயும். திருப்பி வைத்தால் நின்றுவிடும். தோட்டத்துக்காரர் அவனுக்கு ஒரு களைக்கொத்தியைக் கொடுத்து ஒரே ஒரு தென்னையைக் காட்டி, "இது உன்ற மரம், நீதான் தண்ணி உடோணும்" என்று சொல்லிவிட்டார். அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். சாப்பிடக் கூப்பிட்டாலும் மரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தான். ஒரு எச்சரிக்கை: தென்னைக்கு நேர்கீழே கட்டிலைப் போட்டுப் படுக்காதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். காய்ந்த மட்டை சொல்லிக்கொண்டு விழாது. எங்களுக்குப் பத்தடி தள்ளி ஒன்று விழுந்தது. அதன் கனம் என்ன என்று தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மகளுக்கு அங்கே இரண்டாம் நாள் கொஞ்சம் போரடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். 11 வயதுக்கு மடை போதாது. அவள் மலர்ந்தது கானாடுகாத்தானில்தான். பக்கத்தில் ஆத்தங்குடிக்குக் கூட்டிப்போனோம். தரைக்குப் போடும் பூக்கல்லை அங்கே இன்னமும் கையால்தான் செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒவ்வொரு நிறக் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றினார் ஒருவர். அச்சை அலுங்காமல் தூக்கினார். நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் பூவாக நின்றன. அதன்மேல் உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, அப்புறம் ஈரக்கலவையை நிரப்பி, கரணையால் மட்டம் செய்தார். சூளை கிடையாது, தண்ணீர்த் தொட்டியும் வெயிலும்தான். காய்ந்தபின் கண்ணாடியைக் கழற்றினால் கல்லின் முகம் கண்ணாடியைப் போலவே பளபளக்கிறது. என் மகள் ஒரு மணி நேரம் அசையாமல் நின்று பார்த்தாள். ஒரு கேள்வி கேட்டாள்: "அவர் பூவோட பின்பக்கத்தைப் பாத்துதானே செய்யறார், முன்பக்கம் எப்படி வரும்னு அவருக்கு எப்படித் தெரியும்?" அவர் சிரித்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை கல் செய்கிறேன் பாப்பா, கைக்கே தெரியும் என்றார்.

திருமயம் கோட்டைக்கும் போனோம். 17-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் சேதுபதி மன்னர் கட்டியது. மேலே பீரங்கி இருக்கிறது, காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. அதே குன்றில் குடைந்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் உண்டு. வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் இந்தப் பக்கத்தில் மூன்று நாள் போதாது.

மேக்கரையில் பிள்ளைகளுக்குத் தண்ணீர்தான் எல்லாம், ஆனால் அது பயத்தோடு வருகிற மகிழ்ச்சி. சுதந்திர தின விடுமுறையை ஒட்டிய சனிக்கிழமை ஐந்தருவிக்குப் போனோம். நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் குளிக்காமலே திரும்பினோம். திங்கள் காலை ஆறு மணிக்குப் போனபோது பெண்கள் பக்கத்தில் பத்துப் பதினைந்து பேர்தான். மகளோடு அருவிக்குள் போய் நின்றேன். தோளில் தண்ணீர் விழுந்த வேகத்தில் மூச்சு நின்று வந்தது; அவள் கத்தியது எனக்குக் கேட்கவில்லை, வாய் திறந்திருந்தது மட்டும் தெரிந்தது. அந்தக் கால்மணி நேரத்துக்கு ஈடாக மற்ற இரண்டு ஊரிலும் எதுவும் இல்லை. அதே சமயம் 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்ததை யாரும் மறக்கக்கூடாது. மலைமேல் பெய்கிற மழை கீழே நிற்கிற நமக்குத் தெரியாது. குளிக்கத் தடை என்று போலீஸ் சொன்னால் அன்றைக்கு மங்குஸ்தான், ரம்புட்டான் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

அமைதி

மூன்று இடமும் அமைதியானவைதான். ஆனால் மூன்று அமைதியும் ஒன்று போல இல்லை.

கானாடுகாத்தானில் மாலை ஐந்து மணிக்குத் தெருவில் நடந்தேன். அளவெடுத்துப் போட்ட அகலத் தெருக்கள், இருபுறமும் அரண்மனை மாதிரி வீடுகள், பெரும்பாலானவற்றில் பூட்டு. ஒரு வீட்டு மாடத்தில் மயில் நின்றது. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் கட்டியவை. போரும் அதற்குப் பிறகு அந்த நாடுகளில் வந்த மாற்றங்களும் தொழிலைக் கலைத்தன. குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டன. கல்யாணம், கோயில் காரியம் என்றால்தான் பல வீடுகள் திறக்கின்றன. அங்கே இருக்கும் அமைதி, ஆள் இல்லாததால் வந்த அமைதி. எனக்கு அது கொஞ்சம் கனத்தது. விற்றுவிட்ட எங்கள் ஊர் வீட்டை அங்கேதான் அதிகமாக நினைத்துக்கொண்டேன். அத்தையும் நினைத்திருப்பார், சொல்லவில்லை.

ஆனைமலையில் இருப்பது வேலை நடக்கிற அமைதி. யாரோ தூரத்தில் தேங்காய் உரிக்கிறார்கள். கடப்பாரையில் 'நறுக்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் மறுபடி ஒன்று. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னை மட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே பகலில் தூங்கினேன். நான் பகலில் தூங்கி வருடங்கள் ஆகின்றன.

மேக்கரையில் சாரல் பெய்கிற சத்தம், ஓடைச் சத்தம், காற்று. வெயிலும் சாரலும் ஒரே நேரத்தில் விழும் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் போட்ட துணி காயாது. இரண்டாம் நாளுக்குள் எல்லா உடையும் ஈரம், சின்னவனுக்கு மூக்கொழுகல். ஆகஸ்டில் அங்கே போவதானால் ஆளுக்கு நாலு செட் துணி கூடுதலாக வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இரவைப் பற்றி ஒன்று. ஆனைமலையிலிருந்து காட்டைப் பார்க்கப் போகப்போக, சேத்துமடைப் பக்கமெல்லாம், யானை தோட்டத்துக்கு வருவது சாதாரணம். 2023-ல் தர்மபுரிப் பக்கம் பிடித்து டாப்ஸ்லிப் காட்டில் கொண்டுபோய் விட்ட மக்னா யானை (தந்தமில்லாத ஆண் யானை) நடந்தே கோவை வரை போய்விட்டது. இருட்டியபின் டார்ச் இருந்தாலும் தோட்டத்தைவிட்டு நடக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொன்னார். காட்டை ஒட்டிய வீட்டைவிட ஊரை ஒட்டிய தோட்டம்தான் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குச் சரி. மேக்கரையிலும் இதே கதைதான். கானாடுகாத்தானில் இந்தக் கவலை இல்லை. எட்டரைக்குத் தெரு தூங்கிவிடுகிறது.

சுற்றிப் பார்க்கப் போனால்

ஆனைமலையில் ஒரு தவறு செய்தோம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு வால்பாறை போகாமலா என்று மூன்றாம் நாள் கிளம்பினோம். 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில், கீழே ஆழியாறு அணை முழுசாகத் தெரிகிற இடத்தில் சின்னவன் வாந்தி எடுத்தான். அங்கிருந்தே திரும்பிவிட்டோம். அரை நாள் போயிற்று. வால்பாறையும் டாப்ஸ்லிப்பும் தனியாகப் போக வேண்டிய இடங்கள். ஓய்வுக்குப் போன மூன்று நாளுக்குள் திணிக்கக் கூடாது. ஊருக்குள்ளேயே மாசாணியம்மன் கோயில் இருக்கிறது. அம்மன் படுத்த கோலத்தில் இருக்கிறாள். நியாயம் கேட்டு வருகிற பெண்கள் அங்கே கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுகிறார்கள். அத்தை வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எந்த மாதம்

இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். செட்டிநாட்டுக்கு மார்கழி, தை, மாசி. சித்திரை வெயிலில் அங்கே பிள்ளைகளைக் கூட்டிப்போகவே கூடாது. மேக்கரை, இலஞ்சி, குற்றாலப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அதுவும் வார நாளில். கார்த்திகையில் ஐயப்ப சீசன் தொடங்கினால் குற்றாலத்தில் கால் வைக்க இடமிருக்காது. பள்ளி விடுமுறையான மே மாதத்தில் மூன்றிலும் தாக்குப்பிடிப்பது ஆனைமலைதான். கோடைமழை ஒன்றிரண்டு விழும், மாம்பழம் உண்டு, நிழல் உண்டு.

தஞ்சைப் பக்கம் காவிரிக்கரைக் கிராமம் ஒன்றையும் இந்தப் பட்டியலில் சேர்க்க ஆசைப்பட்டோம். விசாரித்தபோதுதான் உறைத்தது: மேட்டூரில் பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12-ல்தான் அணை திறக்கிறார்கள், ஜனவரி 28-ல் மூடிவிடுகிறார்கள். மே மாதத்தில் போனால் காவிரியில் மணலைத்தான் பார்க்கலாம். ஆடிப்பெருக்குக்குப் போவதாக வைத்திருக்கிறோம். போய்வராமல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

யாருக்கு எது

வயதானவரும் சின்னக் குழந்தையும் இருக்கிற வீடு என்றால் யோசிக்காமல் ஆனைமலை. செலவும் மூன்றில் அங்கேதான் குறைவு. கானாடுகாத்தானில் ஓர் இரவுக்கு இரண்டு அறைக்குக் கொடுத்த பணத்தில் ஆனைமலையில் சாப்பாட்டோடு இரண்டு நாள் இருந்திருப்போம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், நடக்கத் தெம்புள்ள பெரியவர்கள், கட்டடத்திலும் கைவேலையிலும் மனசு போகிறவர்கள் என்றால் கானாடுகாத்தானுக்குக் கடன் வாங்கியாவது ஒருமுறை போய்வர வேண்டும். உங்கள் வீட்டில் தண்ணீர் என்றால் உயிரை விடுகிறவர்கள் இருந்தால், சமைத்துத்தர ஆளிருக்கும் வீடாகப் பார்த்து, செவ்வாய் புதனில் மேக்கரை.

எங்கே போனாலும் முன்பணம் அனுப்புமுன் போனில் நாலு விஷயம் கேட்டுவிடுங்கள். சமையல் யார் செய்வார்கள். அறைக்கு ஏற எத்தனை படி. டாய்லெட் அறைக்குள்ளேயே இருக்கிறதா. கிணற்றுக்குச் சுற்றுச்சுவரோ கம்பி மூடியோ உண்டா. வீட்டின் படத்தைப் பத்து அனுப்புவார்கள், இந்த நாலும் எந்தப் படத்திலும் தெரியாது.

வருகிற மே மாதத்துக்கு ஆனைமலைச் சாளையையே சொல்லி வைத்திருக்கிறோம். இந்த முறை நாலு இரவு, வால்பாறை கிடையாது. மகளுக்குப் போரடிக்காமல் இருக்கச் சந்தகை பிழியக் கற்றுத்தருவதாக அம்மிச்சி போனில் சொல்லியிருக்கிறார். சின்னவன் என்னிடமிருந்து போனைப் பிடுங்கி, அவன் மரம் காய்த்துவிட்டதா என்று கேட்டான்.